நிலவில் காற்று உண்டா?

ஆரணியில் என் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, “நிலவுக்கு மிக மெல்லிய வளிமண்டலம் உண்டு” என்று தேர்வில் எழுதினாள். தவறு எனக் குறித்தேன். பின்னர் படித்தபோதுதான் தவறு என்னுடையது எனத் தெரிந்தது.

1972 டிசம்பரில் அப்போலோ 17 வீரர்கள் நிலவின் தரையில் வைத்த நிறை நிறமாலைமானி, ஹீலியம், நியான், ஆர்கான் அணுக்களைப் பதிவு செய்தது. பகல் வெப்பத்தில், அங்கே விடப்பட்ட கருவிகளிலிருந்தே வாயு கசிந்ததால் இரவு அளவீடுகளே நம்பகமாக இருந்தன.

2023 ஆகஸ்டில் சந்திரயான்-3 இன் விக்ரம் தரையிறங்கு கலம், 5 செ.மீ. உலோகக் கோளம் ஒன்றை நீட்டித் தரையருகே உள்ள பிளாஸ்மாவை அளந்தது. ஒரு கனமீட்டரில் ஏறத்தாழ 50 இலட்சம் முதல் 3 கோடி எலக்ட்ரான்கள் இருந்தன. எண்ணிக்கை பெரிதுதான், ஆனால் நம் காற்றோடு ஒப்பிட்டால் அது வெற்றிடமே. நிலவின் வாயு அணுக்கள் ஒன்றோடொன்று மோதுவதே அரிது. அதனால் அங்கே ஒலி பரவாது.

மாணவியின் மதிப்பெண்ணை வகுப்பிலேயே திருத்தினேன். இனி, “இல்லை” என்பதற்குப் பதிலாக, “மிக மிகக் குறைவு” என்றே கற்பிப்போம்.