"பார்ட் ஒன் என்ன?"

1986-ல் சென்னைக் கல்லூரி ஒன்றில் பி.காம். சேரப் போனபோது, என் விண்ணப்பத்தைப் புரட்டிக்கொண்டே எழுத்தர் கேட்ட முதல் கேள்வி இதுதான். பகுதி 1 மொழிப்பாடம், பகுதி 2 ஆங்கிலம். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் படித்தவள் நான். ஆனால் "பிரெஞ்சு" என்றேன். பக்கத்து வீட்டு அக்கா சொல்லி அனுப்பியிருந்தார்: "தமிழ்ல 60 தாண்டறதே கஷ்டம்டி. பிரெஞ்சு எடு, 90 வரும்."

வந்தது. பிரெஞ்சுப் பத்தியை ஆங்கிலத்தில் பெயர்க்க வேண்டும், பாடத்திலிருந்து கேட்டால் ஆங்கிலத்திலேயே விடை எழுத வேண்டும், வினைச்சொல் அட்டவணையை உருப்போட்டு வைத்திருக்க வேண்டும். தேர்வு அவ்வளவுதான். மொழிப்பாடம் இருந்த அந்த இரண்டு ஆண்டுகளில் ஒருவர் பிரெஞ்சில் பேசிக்கொண்டே போவதை நான் கேட்டதே இல்லை. சென்னையில் பிரெஞ்சு கற்பிக்கும் அலியான்ஸ் பிரான்சேஸ் 1953 முதலே இருந்தது. அங்கே போய்ப் பேசப் பழகலாம் என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை.

பட்டம் வாங்கிய வருஷம் குடும்பத்தோடு புதுச்சேரி போனோம். கடற்கரைப் பக்கத் தெருக்களில் 'ரூ' என்று தொடங்கும் நீலப் பலகைகளைத் தடங்கலில்லாமல் படித்தேன். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம், "பொண்ணு பிரெஞ்சு படிச்சவ" என்றார். அவர் ஒரு சொல்தா; பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்து ஓய்வூதியம் வாங்குபவர். முகம் மலர்ந்து என்னிடம் ஏதோ கேட்டார். ஒரு சொல்லும் பிடிபடவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, "சாப்பிட்டாச்சாம்மான்னு கேட்டேன்" என்றார் தமிழில். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இழந்தது அது மட்டுமல்ல. தமிழ் எடுத்த தோழிகள் குறுந்தொகையும் சிலப்பதிகாரமும் பாடம் கேட்ட அந்த வகுப்புக்குள் நான் நுழையவே இல்லை. நாற்பது வயதுக்கு மேல்தான் அவற்றைத் தேடிப் படித்தேன்.

இப்போது அண்ணன் மகள் பி.காம். இரண்டாம் ஆண்டு. பகுதி 1-ல் தமிழ். சனி, ஞாயிறு காலையில் வெளியே ஜப்பானிய வகுப்பு. நர்சிங் படிக்கும் அவள் தோழி ஜெர்மன் கற்கிறாள். ஜெர்மனியில் செவிலியராக அங்கீகாரம் பெற, பொதுவாக பி-2 நிலை வரை மொழி வேண்டும். ஜப்பானில் முதியோர் பெருகி வேலைக்கு ஆள் போதவில்லை. 2019 ஏப்ரலில் முதியோர் பராமரிப்பு உட்படப் பல தொழில்களுக்கு அந்நாடு தனி விசாவைத் தொடங்கியது. அதற்கும் பொதுவாக மொழித் தேர்வு உண்டு. பிழைப்புக்காக மொழி படிக்கிறார்களே என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். எனக்கு அந்த வருத்தம் இல்லை. பிழைக்கப் போகிறவர் வாய் திறந்துதானே ஆக வேண்டும்?

ஒருநாள் இரவு அண்ணன் மகள் நோட்டை விரித்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அத்தை, 'வாதாஷி வா ஹோன் ஓ யோமிமாசு'ன்னா 'நான் புத்தகத்தை வாசிக்கிறேன்'. ஹோன்னா புத்தகம், அந்த 'ஓ' நம்ம 'ஐ' உருபு மாதிரி. வினை கடைசியில. இங்கிலீஷ்ல யோசிச்சாத்தான் குழப்பம். தமிழ்ல யோசிச்சா நேரா வந்துடுது." கேள்வி கேட்க நாம் 'புத்தகமா' என்று 'ஆ' சேர்ப்பதைப் போல, ஜப்பானியர் வாக்கியக் கடைசியில் 'கா' சேர்க்கிறார்கள். தமிழ் வகுப்பில் படித்த வேற்றுமை உருபு அவளுக்கு ஜப்பானிய வகுப்பில் கைகொடுக்கிறது. நான் பிரெஞ்சுக்காகத் தமிழை விட்டவள். அவள் பேசப் பேசக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

ஒரு கவலை மட்டும் உண்டு. அவள் எழுதப்போகும் ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் தேர்வில் ஐந்து நிலைகள் இருக்கின்றன. எதிலும் பேச்சுத் தேர்வு கிடையாது. சொல்லறிவு, இலக்கணம், வாசிப்பது, கேட்பது, அவ்வளவுதான். சான்றிதழ் கைக்கு வந்தும் வாய்க்கு மொழி வராமல் போகலாம். எனக்கு அப்படித்தான் ஆனது.

பிள்ளைகளை மொழி வகுப்பில் சேர்க்கும் பெற்றோருக்கு ஒன்று சொல்வேன். கட்டணம் கட்டுமுன் ஒரு மணி நேரம் அந்த வகுப்பில் போய் உட்காருங்கள். அங்கே பிள்ளைகள் பேசுகிறார்களா என்று பாருங்கள்.