பணம் போச்சு.. டிக்கெட் வரலை! ஓட்டையைக் கண்டுபிடிக்கும் 'டயகிராம்'.. இலவசமா வரையக் கத்துக்கலாம் வாங்க

ஆப்-பில் பஸ் டிக்கெட் புக் பண்றீங்க. அக்கவுன்ட்டில் இருந்து பணம் எடுத்தாச்சுன்னு மெசேஜ் வந்துடுச்சு. ஆனால் ஆப்-பில் 'புக்கிங் தோல்வி' என்று காட்டுகிறது. பணம் சில நாளில் திரும்ப வந்துடலாம். ஆனால் தீபாவளிக்கு முந்தின நாள் போன சீட் திரும்ப வருமா?

இதுபோன்ற சிக்கல் எல்லாமே கோடிங் தப்பால் வருவதில்லை. "பேங்க்கில் இருந்து பதிலே வரலைன்னா என்ன செய்றது?" என்ற கேள்வியை, ஆப்-பை வடிவமைக்கும் போதே யாரும் கேட்காமல் விட்டதாலும் வருகிறது. அந்தக் கேள்வியைக் கேட்க வைப்பதுதான் சாஃப்ட்வேர் டிசைன் டயகிராமின் வேலை. பொறியியல் மாணவர்கள் பலர் இதை லேப் ரெக்கார்டில் ஒட்டும் படமாக மட்டுமே பார்க்கிறார்கள். 'பாஸ்போர்ட் ஆட்டோமேஷன் சிஸ்டம்' என்றதும் சீனியரின் ரெக்கார்டைத் தேடி ஓடியவர்களுக்கு நாம் சொல்வது புரியும்!

யு.எம்.எல் என்றால் என்ன?

1990-களின் தொடக்கத்தில் சாஃப்ட்வேர் டிசைனை வரைய ஆளுக்கொரு முறை இருந்தது. ஒருவர் வரைந்தது இன்னொருவருக்குப் புரியாது. கிரேடி பூச், ஜேம்ஸ் ரம்பா, ஐவர் ஜேக்கப்சன் ஆகிய மூவரும் ரேஷனல் என்ற நிறுவனத்தில் ஒன்று சேர்ந்து, தங்கள் முறைகளை ஒன்றாக்கினார்கள். அப்படி வந்ததுதான் யு.எம்.எல். 1997-ல் இது பொதுத் தரமாக ஏற்கப்பட்டது. 2017-ல் வெளியான 2.5.1 பதிப்பில் மொத்தம் 14 வகை டயகிராம்கள் இருக்கின்றன.

பதினாலும் கத்துக்கணுமா? வேண்டாம். யூஸ் கேஸ், கிளாஸ், சீக்வன்ஸ் ஆகிய மூன்றும் தெரிந்தால் தொடக்கத்துக்குப் போதும். யார் என்ன செய்யலாம் என்பது யூஸ் கேஸ். உள்ளே என்னென்ன இருக்கிறது என்பது கிளாஸ். எது முதலில், எது அடுத்து என்பது சீக்வன்ஸ். நம்ம டிக்கெட் பிரச்னை இந்த மூன்றாவதில்தான் மாட்டும்.

எந்த டூல்?

புதிதாகக் கற்பவர்களுக்கு டிரா.ஐஓ நல்ல தேர்வு. டயகிராம்ஸ்.நெட் என்பதும் இதேதான். இலவசம், அக்கவுன்ட் தொடங்க வேண்டியதில்லை, பிரவுசரிலேயே வேலை செய்யும். நெட் இல்லாத இடத்தில் பயன்படுத்த டெஸ்க்டாப் பதிப்பும் உண்டு. மொபைலிலும் திறக்கலாம்தான். ஆனால் அந்தச் சின்னத் திரையில் கோடு இழுப்பதற்குள் பொறுமை போய்விடும். லேப்டாப்பில் உட்காருங்கள்.

திறந்ததும் எங்கே சேமிப்பது என்று கேட்கும். 'டிவைஸ்' என்று கொடுங்கள். இடது பக்கம் கீழே 'மோர் ஷேப்ஸ்' இருக்கும். அதில் யு.எம்.எல் என்பதை டிக் செய்தால் தேவையான வடிவங்கள் வந்துவிடும். வேண்டியதை இழுத்து நடுவில் போடலாம். பெட்டிக்குள் தமிழிலேயே எழுதலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். கோட்டைத் தனியாக இழுத்து வந்து பெட்டி பக்கத்தில் வைக்காதீர்கள். பெட்டி மேல் மவுஸை வைத்தால் சுற்றிலும் நீல அம்புகள் தெரியும். அதிலிருந்து இழுத்து அடுத்த பெட்டியில் ஒட்டுங்கள். அப்போதுதான் பெட்டியை நகர்த்தினால் கோடும் கூடவே வரும்.

இப்போ டிக்கெட்டை வரையலாம்

மேலே வரிசையாக நான்கு பெட்டி: பயணி, ஆப், சீட் சர்வர், பேமென்ட் கேட்வே. ஒவ்வொன்றின் கீழும் ஒரு புள்ளிக்கோடு இறங்கும். அதுதான் லைஃப்லைன். நேரம் மேலிருந்து கீழே ஓடுகிறது என்று அர்த்தம்.

பயணி ஆப்-பிடம் "12-ம் நம்பர் சீட் வேணும்" என்கிறார். ஆப், சர்வரிடம் "அந்த சீட்டைப் பிடிச்சு வை" என்கிறது. பிறகு கேட்வேயிடம் "850 ரூபாய் எடு" என்கிறது. "எடுத்தாச்சு" என்று பதில் வருகிறது. ஆப் உடனே சீட்டை உறுதி செய்கிறது. கேட்பதற்கு முழுக் கோடு, பதிலுக்கு விட்டு விட்டுப் போடும் கோடு.

பெரும்பாலானவர்கள் இதோடு முடித்துவிடுவார்கள். வேலையே இங்கேதான் தொடங்குகிறது. ஒவ்வொரு பதில் கோட்டின் மேலும் விரலை வைத்து, "இது வரலைன்னா?" என்று கேளுங்கள். பேமென்ட் பதில் வரவில்லை. பணம் போச்சா இல்லையா என்று ஆப்-புக்கே தெரியாது. அப்போது 'தோல்வி' என்று காட்டினால், பயணி மறுபடி பணம் கட்டுவார். ரெண்டு தடவை பணம் போகும்.

அடுத்த கேள்வி, சீட்டை எவ்வளவு நேரம் பிடித்து வைப்பது? 10 நிமிஷம் என்று வைத்துக்கொள்வோம். பயணி ஓ.டி.பி போட்டு முடிக்க 11 நிமிஷம் ஆகிவிட்டது. பணம் வந்து சேரும்போது சீட் வேறொருவர் கையில்!

இதைக் காட்டத்தான் 'ஆல்ட்' என்ற சட்டம் இருக்கிறது. ஒரு பெரிய கட்டம் போட்டு, அதைக் கோடுகளால் பிரிக்க வேண்டும். வெற்றி ஒரு அறை, தோல்வி ஒரு அறை. பலர் மறப்பது மூன்றாவது அறையை: பதில் இல்லை. அதில் என்ன எழுதலாம்? அதே பரிவர்த்தனை எண்ணை வைத்து கேட்வேயிடம் நிலவரத்தை மறுபடி கேட்க வேண்டும், புதிதாகப் பணம் எடுக்கக் கூடாது. பணம் வந்து சீட் இல்லை என்றால் ரீஃபண்ட் தொடங்க வேண்டும். கோடு எழுதுவதற்கு முன்பே இத்தனையும் பேப்பரில் வந்துவிடுகிறது. அதன்பிறகு திருத்துவது எவ்வளவு செலவு என்று வேலையில் இருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அம்பு எந்தப் பக்கம்?

வைவாவில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். கிளாஸ் டயகிராமில் உள்ளே காலியான முக்கோணம் பரம்பரை உறவு. அது 'ஏ.சி பஸ்' என்பதில் இருந்து 'பஸ்' என்ற பெற்றோர் பக்கம் பார்க்க வேண்டும். நிரப்பிய டைமண்ட் இருந்தால், முழுமை போனால் பகுதியும் போய்விடும் என்று பொருள். டிக்கெட்டை அழித்தால் அதற்குள் இருக்கும் பயணி விவர வரிகளும் அழிவது போல.

யூஸ் கேஸில் 'இன்க்ளூட்' என்பது கட்டாயம் நடப்பது. புக்கிங்கில் இருந்து பணம் செலுத்துதல் நோக்கி அம்பு போகும். 'எக்ஸ்டெண்ட்' என்பது சில நேரம் மட்டும் நடப்பது. கூப்பன் போடுவதில் இருந்து புக்கிங் நோக்கி அம்பு வரும். ரெண்டும் எதிர் எதிர் திசை, அதனால்தான் குழப்பம்.

ஏ.ஐ வரைஞ்சு தராதா?

தரும். பிளான்ட்யுஎம்எல், மெர்மெய்ட் போன்றவற்றில் பெயர், அம்பு, பெயர், செய்தி என்று வரிவரியாக டைப் செய்தாலே படம் தானாக வந்துவிடும். அந்த வரிகளை ஏ.ஐ நொடியில் எழுதிக் கொடுத்துவிடும். ஆனால் சீட்டை எத்தனை நிமிஷம் பிடித்து வைப்பது என்பது அந்த பஸ் நிறுவனம் எடுக்க வேண்டிய முடிவு. நீங்கள் சொல்லவில்லை என்றால் ஏ.ஐ அதுவாக ஒன்றை வைத்துக்கொள்ளும், அல்லது விட்டுவிடும். முதல் நாலைந்து படங்களையாவது கையால் வரையுங்கள்.

வரைந்து முடித்ததும் பி.என்.ஜி படமாக எக்ஸ்போர்ட் செய்யும்போது, டயகிராமின் நகலையும் சேர்க்கவா என்று ஒரு ஆப்ஷன் வரும். அதை டிக் செய்துவிடுங்கள். அந்தப் படத்தையே டிரா.ஐஓ-வில் மறுபடி திறந்து திருத்தலாம். வாட்ஸ்அப்-பில் அனுப்பும்போது மட்டும் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், போட்டோவாக அனுப்பினால் அந்த நகல் காணாமல் போய்விடும்.