விகிதாசாரம்: ஒரு சொல்லாராய்ச்சி

சொற்களுட் சில, பிறந்த இடத்தை விட்டு நெடுந்தூரம் சென்று வேறு பொருள் பூண்டு நிற்பன. விகிதாசாரம் அத்தகையதொரு சொல். விகிதம் என்னும் வடசொல்லுக்கு விதிக்கப்பட்டது என்பது பொருள். ஆசாரம் என்பது ஒழுகலாறு. ஆகவே சொல்லமைப்பு நோக்கின், விதித்தவாறு ஒழுகுதலே விகிதாசாரமாம். தமிழ் வழக்கில் அஃது எண்ணுலகம் புகுந்து, ஒன்று எத்தனை மடங்கு கூடினும் குறையினும் மற்றொன்றும் அத்தனை மடங்கே கூடவும் குறையவும் நிற்கும் நிலையை உணர்த்தலாயிற்று.

மடங்கு என்பதே இங்குக் கருத்து. தேயிலைத் தொழிற்சாலையில் ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வாடி, அரைபட்டு, காய்ந்து ஒரு கிலோ தூளாகிறது. ஒன்பது கிலோ இரண்டாகும், தொண்ணூறு இருபதாகும். நாலரைக்கு ஒன்று என்பது விகிதம். ஒன்பதுக்கு இரண்டும் தொண்ணூறுக்கு இருபதும் ஒத்து நிற்பது விகிதசமன் என்று இலங்கைப் பாடநூல்கள் கூறும். பேச்சு வழக்கிலே 'ஆளுக்கு இரண்டு வீதம்' என்னும்போதும் இதே கருத்துத்தான் எளிய உடை தரித்து வருகிறது.

கூடினாற் கூடும், குறைந்தாற் குறையும் என்ற அளவில் ஒன்றை விகிதாசாரம் எனக் கொள்வோர் பலர். அது போதாது. தோட்டத்துக் கணக்கேட்டிலுள்ள 'பேர்' இதனை நன்கு விளக்கும். ஒரு நாளுக்குக் குறித்த கொழுந்து நிறை பதினெட்டுக் கிலோ எனக் கொள்வோம். அந்நிறையை எடுத்தவளுக்கு ஒரு பேர், எடாதவளுக்கு அரைப்பேர். பத்துக் கிலோ எடுத்தவளுக்கும் அரைப்பேர். பதினேழு கிலோ எடுத்தவளுக்கும் அரைப்பேரே! விகிதாசாரப்படி பின்னவள் பெறற்பாலது பதினெட்டிற் பதினேழு பங்கு. குறித்த நிறைக்கு மேற்பட்ட கொழுந்துக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று கொடுக்கும் இடத்தில் மாத்திரம் விகிதாசாரம் உண்மையாக ஆள்கிறது. அதே தராசு, அதே கூடை. கோட்டுக்குக் கீழே ஒரு கணக்கு, மேலே வேறு கணக்கு.

அரசியலில் இச்சொல்லின் கனம் மலையகத்தார்க்குப் பெரிது. 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் சௌ. தொண்டமான் நுவரெலியாவிலும், சி. வி. வேலுப்பிள்ளை தலவாக்கலையிலும் வென்றனர். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், அடுத்த ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் தோட்ட மக்களுட் பெரும்பாலோரின் வாக்கைப் பறித்தன. ஆனால் சோல்பரி அரசியலமைப்பு, 75,000 மக்களுக்கு ஒன்று, 1,000 சதுர மைலுக்கு ஒன்று என்றே ஆசனங்களை வகுத்திருந்தது. தலை எண்ணும்போது தொழிலாளியும் எண்ணப்பட்டான். வாக்கு எண்ணும்போது அவன் இல்லை. அவன் தலையாற் கிடைத்த ஆசனத்தின் வலிமை அயலான் வாக்கிற் சேர்ந்தது. மீண்டும் தொண்டமான் தேர்தலில் வென்று பாராளுமன்றம் புகுந்தது 1977 இல், நுவரெலியா–மஸ்கெலியா என்னும் மூவர் தொகுதியின் மூன்றாம் உறுப்பினராகவே.

1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைக் கொணர்ந்தது. மாவட்டந்தோறும் கட்சிகள் பெற்ற வாக்குக்கேற்ப ஆசனம் பகிர்தல் அதன் நெறி. பெயர் விகிதாசாரமே எனினும், அதுவும் தூய விகிதாசாரமன்று. மாவட்டத்தில் முதல்வந்த கட்சிக்கு மேலதிக ஆசனம் ஒன்று உண்டு. நூற்றுக்குப் பன்னிரண்டரை வாக்குப் பெறாத கட்சிக்கு ஒன்றுமில்லை. அரைப்பேரும் கிடையாது என்க. 1988 இல் வந்த பதினைந்தாம் திருத்தம் அவ்வெல்லையை ஐந்தாகக் குறைத்தது. இம்முறையின்படி முதற் பொதுத் தேர்தல் நிகழ்ந்தது 1989 பெப்ருவரியில்.