ஒரு வயிறும் இரு மருந்தும்

பொருநை பாயும் நம் நாட்டில், பாபநாசம் தொடங்கிப் புன்னைக்காயல் ஈறாக, முதியோர் உறையும் இல்லங்களுட் புகுந்து நோக்கின், சுவரில் மருந்துப் பை ஒன்று தொங்குதல் அரிய காட்சியன்று. அப்பையினுள் இருவகை மாத்திரைகள் ஒருங்கே இருத்தலும் அரிதன்று. ஒன்று, காலையில் வெறுவயிற்றில் உண்ணும் 'கேஸ் மாத்திரை'. மற்றொன்று, இரவில் உண்ணும் 'கொழுப்பு மாத்திரை'. இவ்விரண்டையும் ஒருங்கே உண்ணலாமோ, ஒன்று மற்றொன்றைக் கெடுக்குமோ என்னும் ஐயம் பலர்க்கும் உண்டு. ஐயந்தீர்க்கும் வழியறியாதார் சிலர் இரண்டனுள் ஒன்றைத் தாமே நிறுத்திவிடுகின்றனர். நெஞ்செரிச்சல் உடனே உணரப்படுவது. குருதியிற் கூடும் கொழுப்போ ஓசையின்றி வளர்வது. ஆதலின் கைவிடப்படுவது கொழுப்பு மாத்திரையாகவே முடிகின்றது. இது பெருங்கேட்டிற்கு வித்தாகலின், இப்பொருள்பற்றி மருத்துவ நூலோர் கண்டவற்றை ஈண்டு ஒருவாறு தொகுத்துரைக்க முற்படுகின்றோம்.

முதற்கண் நெஞ்செரிச்சல் மருந்தை நோக்குவோம். இரைப்பையிற் சுரக்கும் அமிலம் தன் இடத்தில் நிற்குங்கால் உணவைச் செரிப்பிக்கும் நட்பு. எல்லை கடந்து உணவுக்குழலில் ஏறுமாயின் எரிக்கும் பகை. இதனையே நம் ஊரார் எதுக்களித்தல் என்பர். இதற்குரிய மருந்துகள் மூவகைய. சுரந்த அமிலத்தை அப்பொழுதே தணிப்பன, அலுமினியம், மக்னீசியம் என்பவற்றின் ஹைட்ராக்சைடு கலந்த நீர்மருந்துகள். அமிலஞ் சுரக்குமாறு ஏவும் ஹிஸ்டமினின் செயலைத் தடுப்பன, ஃபாமோடிடின் போல்வன. அமிலத்தைச் சொரியும் வாயிலையே அடைப்பன, ஒமிப்ரசோல், பான்டோபிரசோல் முதலியன.

இவை தோன்றுமுன் நம் அண்டை நாட்டார் பட்ட பாடு சிறிதன்று. 1922ஆம் ஆண்டில் எவரெஸ்ட் மலையேற வந்த குழுவினருள் ஒருவரான சாமர்வெல் என்னும் ஆங்கில மருத்துவர், அக்காலத்துத் தென் திருவிதாங்கூரிலிருந்த நெய்யூர் மிஷன் மருத்துவமனையின் நிலை கண்டு, அங்கேயே பணி மேற்கொண்டார். குடற்புண்ணால் வருந்தி வந்தோர் பலர்க்கு அவர் கத்தி கொண்டே துயர் துடைக்க வேண்டியிருந்தது. 1976இல் சிமெடிடினும், 1988இல் ஒமிப்ரசோலும் மேனாட்டில் விற்பனைக்கு வந்தபின்னரே அத்தகைய அறுவை அருகலாயிற்று.

இனிக் கொழுப்பு மாத்திரை. ஸ்டாட்டின் என்பது இம்மருந்துக் குடும்பத்தின் பொதுப்பெயர். ஜப்பானியராகிய அகிரா எண்டோ என்பார், ஆறாயிரத்திற்கு மேற்பட்ட பூஞ்சைகளை ஆராய்ந்து, 1973இல் இதன் முதல்வடிவத்தைக் கண்டனர். அதனை ஈந்த பூஞ்சை, கியோட்டோ நகரத்துத் தானியக் கடையொன்றின் அரிசியிற் பூத்தது என்பது நெல்விளை நாட்டாராகிய நமக்குச் சுவைதரும் செய்தி. கல்லீரல் கொலஸ்ட்ராலை ஆக்குதற்கு இன்றியமையாத நொதியொன்றை ஸ்டாட்டின் தடுக்கின்றது. தடுக்கவே, கல்லீரல் தனக்கு வேண்டியதைக் குருதியினின்றும் கவர்ந்துகொள்கின்றது. குருதியிற் கெட்ட கொழுப்புக் குறைகின்றது. மாரடைப்பும் பக்கவாதமும் வருதற்குரிய வாய்ப்புச் சுருங்குகின்றது. நம் நாட்டிற் பெருவழக்காக உள்ளன அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் என்னும் இரண்டுமாம்.

இவ்விரு மருந்தும் உடலுள் ஒன்றையொன்று எதிர்க்குமோ எனின், பெரும்பாலார்க்கு எதிர்க்கா என்பதே விடை. இதனை நம் ஆற்றின் துணைகொண்டே விளக்கலாம். தாமிரபரணியின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள. நதியுண்ணிக் கால் ஒருபுறஞ் செல்ல, கன்னடியன் கால் பிறிதொருபுறஞ் செல்லும்; ஒன்றன் நீர் மற்றொன்றன் வழியை அடைப்பதில்லை. மருந்துகளும் அவ்வாறே கல்லீரலில் தத்தமக்குரிய கால்களின் வழியே மாறிக் கழிகின்றன. பான்டோபிரசோல் பெரும்பாலும் சி.ஒய்.பி.2சி19 என்னும் நொதியின் வழியே செல்வது, அட்டோர்வாஸ்டாட்டின் சி.ஒய்.பி.3ஏ4 என்னும் நொதியின் வழியே செல்வது. ரோசுவாஸ்டாட்டினோ பெரும்பகுதி மாறாமலே வெளியேறுவது. வழி வேறாகலின் பூசலில்லை.

அற்றேல், அஞ்சத்தக்கது யாதுமில்லையோ எனின், மூன்றுளவென்போம்.

முதலாவது, வேளை. நீர்மருந்தாகிய அமிலத்தணிப்பியை ரோசுவாஸ்டாட்டினோடு ஒரே வேளையில் உண்பின், குருதியிற் சேரும் ரோசுவாஸ்டாட்டின் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்று கண்டுள்ளனர். மாத்திரை உண்டு இரண்டு மணி நேரங் கழிந்தபின் நீர்மருந்தைப் பருகின் இக்குறை பொருட்படுத்தத்தக்கதன்று. அட்டோர்வாஸ்டாட்டினும் இந்நீர்மருந்தால் ஓரளவு குறையுமாயினும், கொழுப்பைக் குறைக்கும் அதன் ஆற்றல் மாறுவதில்லை. எனவே, இரவுணவின்பின் மாத்திரையையும் நீர்மருந்தையும் ஒருசேர விழுங்கும் வழக்கம் விடத்தக்கது.

இரண்டாவது, இடைப்புகும் மூன்றாம் மருந்து. வயிற்றுப்புண்ணுக்குப் பெருங்காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் நுண்ணுயிர் என்பதனை ஆஸ்திரேலியராகிய மார்ஷல், வாரன் என்னும் இருவர் நிறுவி, 2005இல் நோபல் பரிசு பெற்றனர். அதனை ஒழித்தற்கு, அமிலத்தடுப்பியோடு இரண்டு கிருமிக்கொல்லிகளைச் சேர்த்து, ஏழு முதல் பதினான்கு நாள் வரை தருதல் உண்டு. அவற்றுள் ஒன்றாதற்குரியது கிளாரித்ரோமைசின். இம்மருந்து 3ஏ4 என்னும் கால்வாயின் மதகை இறக்கிவிடும். மதகிறங்கின் நீர் தேங்குமன்றோ? அங்ஙனமே அட்டோர்வாஸ்டாட்டினும் சிம்வாஸ்டாட்டினும் குருதியில் மிகத் தேங்கும். தேங்கின் தசை நார்கள் சிதையும். சிதைந்தவை சிறுநீரகத்தை அடைத்துக் கெடுத்தலும் நேரலாம். சிம்வாஸ்டாட்டினோடு கிளாரித்ரோமைசின் அறவே கூடாது. அட்டோர்வாஸ்டாட்டினாயின் நாளொன்றுக்கு 20 மில்லிகிராமைக் கடத்தல் ஆகாது; அன்றேல் அந்நாட்களில் மட்டும் ஸ்டாட்டினை நிறுத்திவைக்குமாறு மருத்துவர் பணிப்பர். கேடு கேஸ் மாத்திரையால் வருவதன்று. அதனோடு கூடிவந்த துணையால் வருவது. இதயத்திற்கு நகரில் ஒரு மருத்துவரையும், வயிற்றுக்கு ஊரில் வேறொருவரையும் நாடுவார், ஒருவர் எழுதியதை மற்றவர்க்குக் காட்டாராயின், இத்தீங்கு நேர வழியுண்டு.

மூன்றாவது, மாரடைப்புற்றுத் தேறியவர்களின் நிலை. தமிழக அரசு 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையம் அடைவார்க்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் என்னும் மூன்றும் உடனே அளிக்கப்படுகின்றன. இம்மூன்றனையும் பின்னரும் உட்கொள்வார் பலர். ஆஸ்பிரின் வயிற்றைப் புண்படுத்துமாகலின் அமிலத்தடுப்பியும் உடன் வேண்டப்படுகின்றது. இங்குத் தேர்வு வேண்டும். குளோபிடோக்ரல் 2சி19 என்னும் நொதியாற் பக்குவமுற்ற பின்னரே பயன்தருவது. ஒமிப்ரசோல் அவ்வழியைத் தடுப்பது. ஆதலின் இவ்விரண்டனையும் சேர்த்தல் தகாதென அமெரிக்க மருந்துத் துறையினர் 2009இல் எச்சரித்தனர். பான்டோபிரசோல் அவ்வளவு தடுப்பதன்று.

நிற்க. ஸ்டாட்டின் உண்பார் காரணமின்றித் தசை நோவோ தளர்ச்சியோ உற்று, சிறுநீர் கருப்பட்டிக் காப்பியின் நிறங்கொள்ளக் காண்பின், காலந்தாழ்த்தாது மருத்துவரை அடைதல் வேண்டும். எல்லாத் தசைநோவும் ஸ்டாட்டினால் வருவதென்று துணிதலும் பிழை. அமிலத்தடுப்பியை நெடுங்காலம் உண்பார் சிலர்க்குக் குருதியில் மக்னீசியங் குறைந்து தசைப்பிடிப்பு உண்டாவதுண்டு. பழியைக் கொழுப்பு மாத்திரைமேற் சுமத்தி, அதனைக் கைவிட்டு, காரணமாகிய மற்றொன்றைத் தொடர்ந்து உண்பது எத்துணைப் பேதைமை! இதனைக் குருதிச் சோதனையால் அறியலாம்.

பிறிதொன்றும் கூறற்பாலது. நெஞ்சில் எரிவும் இறுக்கமுந் தோன்றுமிடத்து, 'வாயுதான்' என்று கூறிக் கேஸ் மாத்திரையை விழுங்கிப் படுத்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடை வேரூன்றியுளது. கொழுப்பு மாத்திரை உண்ணும் நிலையில் உள்ளாரது எரிவு வயிற்றதோ இதயத்ததோ என்பதனை வீட்டிலிருந்து தெளிதல் இயலாது. வியர்வையோ, மூச்சுத்திணறலோ, தோள் தாடை வரை பரவும் வலியோ உடனிருப்பின் மாத்திரையை நாடாது மருத்துவமனையை நாடுக.

திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரம், மருத்துவத்தின் உறுப்புகளாக நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுவார் என நால்வகையை வகுத்தமை தமிழ் பயில்வார் யாவரும் அறிவர். முன் மூன்றும் இக்காலத்து வளர்ந்துள்ளன, நான்காவதே தளர்ந்துளது. மக்கள் தொலைவிற் பணிபுரிய, முதியோர் தனித்துறைகின்றனர். மாத்திரை அட்டையிலுள்ள பெயரோ, அவர் படித்தறியாத ஆங்கிலத்தில், கண்ணுக்கெட்டாச் சிற்றெழுத்தில் உளது. அவ்வெழுத்தைப் படிக்கவல்லார் நாமல்லேமோ?

மாணவ நண்பர்காள்! விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால் பாட்டனார் பாட்டியாரது மருந்துப் பையைக் கேட்டு வாங்குமின். ஒவ்வொரு மருந்தின் பெயரையும் அளவையும் வேளையையும் ஒரே தாளில் தமிழிலும் ஆங்கிலத்திலும் தெளிவுற எழுதுமின். நாட்டு மருந்தோ சித்த மருந்தோ உண்பராயின் அதனையும் விடாது சேர்மின். எம்மருத்துவரிடஞ் செல்லினும் மருந்துக்கடைக்குச் செல்லினும் அத்தாளை முதலிற் காட்டுமாறு சொல்லுமின். எதனையும் நீக்கவோ கூட்டவோ நாம் துணியற்க. அது மருத்துவர் கடன். நம் கடன் எழுதுதலும் காட்டுதலுமே. கால் ரூபாய்த் தாளும் அரைமணிப் பொழுதும் ஓர் உயிரைக் காக்குமாயின், நாம் கற்ற கல்விக்கு அதனினும் உடனே கைவரும் பயன் வேறு யாதுளது?