கருப்பைத் தழும்பும் குழந்தைப்பேற்றுச் சிகிச்சையும்

குழந்தைப்பேறு வேண்டிச் சிகிச்சைக்கு வரும் பெண்ணிடம் மருத்துவர் முதலில் கேட்கும் கேள்விகளுள் ஒன்று, முன்னர்க் கருப்பையில் ஏதேனும் சிகிச்சை நடைபெற்றதா என்பதாகும். கருச்சிதைவுக்குப்பின் கருப்பையைச் சுத்தம் செய்ததையோ, கட்டியை அகற்றியதையோ பலர் மறந்துவிடுகின்றனர். சிலர் சொல்ல நாணுகின்றனர். ஆயினும், சிகிச்சையின் பலன் சில சமயங்களில் இவ்விடையைப் பொறுத்தே அமைகிறது.

கருப்பையின் உட்புறத்தை மெல்லிய படலம் ஒன்று போர்த்தியுள்ளது. அதன் மேலடுக்கு மாதந்தோறும் உதிர்ந்து, அடியடுக்கிலிருந்து மீண்டும் வளர்கிறது. கரு வந்து பதிவது இப்படலத்திலேயாம். சுரண்டும் கருவி அடியடுக்கையும் பெயர்த்துவிடுமாயின், படலம் மீண்டும் வளர இயலாது. எதிரெதிரான சுவர்கள் தழும்பினால் ஒட்டிக்கொள்ளும். மகப்பேறு அல்லது கருச்சிதைவை அடுத்துச் சுரண்டும்போது இவ்வபாயம் மிகுதி. இந்நிலையை 1894இல் ஹைன்ரிக் ஃபிரிட்ஷ் குறிப்பிட்டார்; 1948இல் ஜோசப் ஆஷர்மன் விரிவாக விளக்கினார். அவர் பெயராலேயே இந்நோய் இன்று வழங்குகிறது. இந்தியாவில் கருப்பையைத் தாக்கும் காசநோயும் இத்தகைய தழும்புக்கு ஒரு காரணமாகும்.

சோதனைக்குழாய் முறையில் நல்ல கருவை உண்டாக்கினும், நிலம் பழுதுற்றிருப்பின் விதை வேரூன்றுதல் அரிது. எனவே மருத்துவர் உள்நோக்குக் கருவியைச் செலுத்தி ஒட்டுகளைக் கண்டு, அவற்றை வெட்டி விடுவிக்கிறார். இலேசான ஒட்டுகளில் நற்பலன் கிட்டுகிறது. கடுமையானவை மீண்டும் தோன்றக்கூடும். சிசேரியன் தழும்பில் சில வேளை சிறு குழி ஏற்பட்டு, அதில் திரவம் தேங்கிக் கரு பதிவதற்கு இடையூறாகலாம்.

இதற்கு மாறான கருத்து ஒன்றும் எழுந்தது. சோதனைக்குழாய்ச் சிகிச்சைக்குமுன் படலத்தைச் சிறிது கீறினால் கரு எளிதில் பதியும் என்று 2003இல் இஸ்ரேலிய ஆய்வாளர் அறிவித்தனர். இம்முறை பல நாடுகளில் பரவிற்று. 2019இல் வெளியான ஆராய்ச்சி ஒன்றில் 1,364 பெண்கள் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். கீறப்பட்டோர், கீறப்படாதோர் ஆகிய இரு பிரிவிலும் 26.1 சதவீதத்தினரே உயிருள்ள குழந்தையைப் பெற்றனர். கீறலால் பயன் விளையவில்லை என்பது இதனால் தெளிவாயிற்று.

கருப்பையைக் காலி செய்ய நேரிடின், கூரிய கருவியால் சுரண்டுவதைத் தவிர்த்து, உறிஞ்சு முறையையோ மருந்தையோ கையாளுமாறு உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. சுத்தம் செய்தபின் மாதவிலக்கு மிகக் குறைந்தாலும், நின்றுவிட்டாலும், அப்பெண்ணை மருத்துவரிடம் அனுப்புதல் களப்பணியாளரின் கடமை. மருத்துவமனைச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துமாறும் கூறவேண்டும். சிகிச்சை செய்துகொண்ட யாவருக்கும் தழும்பு உண்டாவதில்லை என்பதையும் எடுத்துரைத்தல் நலம். வீண் அச்சம் அகலும். தழும்பு உண்டானவிடத்தும் அது உடலுற்ற காயமேயன்றிப் பெண்ணின் குற்றமன்று. இதனை ஊரார்க்கு உணர்த்தினால், ‘மலடி’ என்னும் பழிச்சொல் ஒரு வீட்டிலேனும் ஒழியும்.