கண்ணில் தென்படும் பருத்த இழை

பாவை விரித்த நெசவாளருக்கு, ஓரிழை பருத்திருப்பினும் உடனே தெரியும். கண் வைத்தியரும் பிளவு விளக்கின் ஒளியில், கருவிழியினூடே ஓடும் நரம்பிழைகளை அவ்வாறே நோக்குகிறார். இயல்பில் அவை மிக மெல்லியவை. வெண்ணூல் போல் அவை பருத்து, இமையோரத்திலும் நாவிலும் சிறு முடிச்சுகளும் இருப்பின், 'மென் 2பி' என்னும் அபூர்வ நோயை ஐயுறல் வேண்டும். தைராய்டு சுரப்பியில் இளமையிலேயே புற்று உண்டாக்கும் மரபணுக் கோளாறு அது.

இந்நோயுற்ற சில குழந்தைகள், மாதங்கள் பல சென்றும், கண்ணீரின்றியே அழும். கண்ணீர் வராமைக்கு வேறு காரணங்களும் உண்டு. வீண் அச்சம் வேண்டா.

பரம்பரை நோயெனில் பெற்றோரிடமும் இருக்குமே என்பீர்கள். யானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். பெரும்பாலும் இக்கோளாறு குழந்தையிடமே புதிதாகத் தோன்றுகிறது, பெற்றோர் நலமாயிருப்பர். எச்சரிக்க முன்நோயாளி எவரும் இல்லாத அவ்வீட்டில் கண்ணே முதற் சாட்சி. 'ரெட்' மரபணுவை இரத்தத்தில் சோதித்து நோயை உறுதி செய்வர். ஒரு வயது நிரம்புமுன்பே தைராய்டை அகற்றுதல் நலம் என்பது வைத்தியர்களின் ஆலோசனை. தாமதித்தால் புற்று கழுத்தின் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவிவிடும். அக்குழந்தை வளர்ந்து பெறும் மகவு ஒவ்வொன்றுக்கும் இக்கோளாறு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்புண்டு.

விழித்திரையில் இரத்தக்குழாய்க் கட்டிகளாக முதலில் வெளிப்படக்கூடிய குடும்ப நோய் மற்றொன்று. ஜெர்மானியக் கண் வைத்தியர் வான் ஹிப்பெல் 1904இல் அக்கட்டிகளை விவரித்தார். சிறுநீரகத்திலும் அட்ரீனல் சுரப்பியிலும் கட்டிகள் எழலாமாதலின், ஒருவருக்குக் கண்டால் உடன்பிறந்தார் அனைவரையும் சோதித்தல் அவசியம்.

சுங்குவார்சத்திரத்து அங்கத்தினர்கள் நெடுஞ்சாலைப் பேருந்தில் சென்னை சென்று, 1819இல் தோன்றிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனையை அடையலாம். கண்ணாடிக்காகச் செல்லுங்கால், குடும்பத்தில் எவருக்கேனும் கழுத்துக் கட்டியோ சிறுநீரகக் கட்டியோ இருந்ததெனின் அதனையும் வைத்தியரிடம் கூறுக.