அல்லி ராஜ்யத்தில் அர்ச்சுனன் பட்ட பாடு

செஞ்சிச் சீமையிலே, ஏரிக்கரையை ஒட்டி எழுந்து நிற்கும் பனமலையின்மேல் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் எடுப்பித்த தாலகிரீசுவரர் ஆலயத்துக்குப் போகிறவர்கள் (தாலம் என்றாலும் பனைதான்) அங்கே இரண்டு ஸ்திரீ ரூபங்களைத் தரிசிக்கலாம். ஒருத்தி, சுவர்ச் சித்திரத்திலே குடை நிழலில் ஒரு காலை மடித்து ஒயிலாகச் சாய்ந்து, நாயகனுடைய நடனத்தைக் கண்டு நிற்கும் உமை. மற்றொருத்தி, அதே மலையின் பாறையிலே ஆயுதமும் சிங்கமுமாக நிற்கும் மகிஷாசுரமர்த்தினி. இருவரும் ஒருத்தியே என்பதைப் புராணிகர் பக்தியோடு சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். நம் நாட்டுக் கதை சொல்லிகளோ, அந்த ஒருத்தியினிடத்தில் அகப்பட்டுக்கொண்ட ஆண்பிள்ளையின் அவஸ்தையில் ஹாஸ்ய ரஸத்தைக் கண்டுபிடித்தார்கள்.

அந்த உமையே மதுரையில் வந்து பிறந்தவளாகச் சொல்லப்படும், கைலாசம் வரைக்கும் திக்விஜயம் செய்து பூதகணங்களைச் சிதற அடித்த தடாதகைப் பிராட்டி, சிவபெருமானைக் கண்டதும் நாணித் தலைகுனிந்தாள் என்று திருவிளையாடல் முடித்துவிடுகிறது. நாட்டுக் கதையில் வரும் அல்லி ராணியோ அப்படி லேசில் குனிகிறவள் அல்லள்.

மனைவி சற்று உரத்துப் பேசினால் ‘எங்கள் வீட்டில் அல்லி தர்பார்’ என்று திண்ணையில் அங்கலாய்க்கும் கணவன்மார், புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் அல்லி அரசாணி மாலையைப் பெரிய எழுத்துப் புத்தகத்திலாவது படித்திருப்பார்களா என்பது சந்தேகமே. படித்திருந்தால், பரிகாசம் யார்மேல் விழுகிறது என்பது விளங்கியிருக்கும். மதுரையிலே பெண்படை சூழ, ஆண்வாடையே கூடாதென்று அரசாளும் அவளுக்கு முன்னால், சிவபெருமானோடு மல்லுக்கட்டிப் பாசுபதம் பெற்ற விஜயனுடைய காண்டீபம் எந்தப் பிரயோஜனத்துக்கும் ஆகவில்லை. கண்ணன் பிடாரனாகக் கூடை சுமக்க, வில்வீரன் அதற்குள் பாம்பாகச் சுருண்டு கிடந்துதான் அந்தப்புரம் புகவேண்டியிருக்கிறது! அதோடு போயிற்றா? அவள் கண்ணயர்ந்திருக்கும் வேளை பார்த்துத் தாலியைக் கட்டிவிடுகிறான். இதைக் கதை வெற்றி என்கிறது. விழித்திருந்தவளை வெல்லமுடியாதவன் தூங்கினவளை வென்ற பிரதாபத்தை நம்மால் அவ்விதம் சொல்ல முடியவில்லை.

பெண்நாட்டுக் கற்பனை நமக்கு மட்டும் உரியதன்று. கிரேக்கருக்கு அமேசான்கள் இருந்தார்கள். தென்னாட்டை ஹெராக்ளிஸின் மகள் பாண்டையா ஆண்டாள் என்று மெகஸ்தனிஸ் எழுதிவைத்தான். வடமொழி ஜைமினி அசுவமேதத்தில் பிரமீளை வேள்விக் குதிரையைப் பிடித்துக் கட்டுகிறாள். அங்கும் அகப்படுகிறவன் அர்ச்சுனனே. பாவம், அவன் ஜாதகம் அப்படி.

பிறகு அல்லியின் பிள்ளை புலந்திரன் பவளத்தேர் வேண்டுமென்று அழ, அதைத் தேடிப்போன தகப்பன் பவளக்கொடியையும் மணந்துகொண்டு வந்தான். 1934-இல் அந்தக் கதையைக் கே. சுப்பிரமணியம் படமாக்கியபோது அர்ச்சுனனாக வந்தவர் எம். கே. தியாகராஜ பாகவதர், அதுவே அவருக்கு முதற்படம்.

திரைக்கு வருமுன்பே அல்லி அம்மாள் கூத்து மேடைகளில் ராஜ்யபாரம் செய்துவந்தாள். செஞ்சிப் பக்கத்துத் தெருக்கூத்தில் பெண்வேஷம் தரிப்பது ஆண்களே என்பது பழைய சம்பிரதாயம். ஆகவே, ஆண்பிள்ளையை வாசற்படி ஏறவிடாத மகாராணி, சாயங்காலமே மீசையை மழித்துக்கொண்டு, சேலையும் கொண்டையுமாகச் சபைக்கு வந்து சேருகிறாள்; எதிரே கட்டியக்காரன் அவளுடைய மோவாயை உற்றுப் பார்த்தபடி நிற்கிறான்.